கோர் 30-க்கு ஏறுவதா, நாட்ஸுக்குத் தாவுவதா? பிட்காயினில் குப்பைப் பரிவர்த்தனை வடிகட்டல் – விவாத இழை

#1 நோட்டுக்காரர்

வீட்டில் ஒரு பழைய மினி கணினியில் 2 டிபி எஸ்எஸ்டி போட்டு பிட்காயின் நோட் (பரிவர்த்தனைகளைச் சரிபார்த்து மற்றவர்களுக்கு அனுப்பும் கணினி) ஓட்டுகிறேன். பெரும்பாலோர் ஓட்டும் நோட் மென்பொருளான கோரின் 29-ஆம் பதிப்பில் இருக்கிறேன். 30 வந்ததிலிருந்து போகிற இடமெல்லாம் சண்டை. "கோர் படம், தரவு என்ற குப்பைக்குக் கதவைத் திறந்துவிட்டது, உடனே அதை வடிகட்டும் மாற்று மென்பொருளான நாட்ஸுக்கு மாறு" என்று ஒரு கூட்டம். "நாட்ஸ் கிட்டத்தட்ட லூக் டாஷ்ஜூனியர் என்ற ஒரே ஆள் பராமரிக்கிற மென்பொருள், அதை நம்பிப் பணத்தை வைக்காதே" என்று இன்னொரு கூட்டம்.

எனக்குப் புரிந்தவரை விஷயம் இதுதான். ஒரு பரிவர்த்தனையோடு கொஞ்சம் தரவையும் எழுதிவைக்க ஓபி_ரிட்டர்ன் என்று ஒரு வழி இருக்கிறது. இதுவரை அது 83 பைட்டைத் தாண்டினால் என் நோட் அந்தப் பரிவர்த்தனையைத் தன் மெம்பூலில் (பிளாக் என்ற தொகுப்பில் ஏறக் காத்திருக்கும் பரிவர்த்தனைகளின் பட்டியல்) சேர்க்காது, மற்றவர்களுக்கும் அனுப்பாது. அக்டோபர் 2025-இல் வந்த கோர் 30 அந்த எல்லையை 1,00,000 பைட்டாக ஏற்றிவிட்டது. ஒரே பரிவர்த்தனையில் இரண்டு மூன்று ஓபி_ரிட்டர்ன் வைக்கவும் அனுமதி.

என் கேள்வி ஒன்றுதான். என் நோட் வடிகட்டினால் உண்மையில் ஏதாவது நிற்கிறதா? கொள்கை பேசுகிறவர்கள் தாராளமாகப் பேசுங்கள், ஆனால் கணக்கோடு பேசுங்கள்.

#2 சடோஷி_சித்தப்பா

தம்பி, இந்தச் சண்டை 2025-இல் பிறந்தது இல்லை. பிட்காயினுக்கு இரண்டு வயது நிரம்புவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டது.

2010 டிசம்பரில், இணையப் பெயர்களைப் பதிவு செய்யும் பிட்டிஎன்எஸ் என்ற யோசனையைச் சிலர் கொண்டுவந்தார்கள். எல்லாவற்றையும் ஒரே சங்கிலியில் அடுக்கினால் தாங்காது, அதற்குத் தனிச் சங்கிலி வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் பிட்காயினை உருவாக்கிய சடோஷியின் பதில். அதே மாதம் வந்த 0.3.18 பதிப்பில்தான் "வழக்கமான வடிவப் பரிவர்த்தனைகளை மட்டும் ஏற்பது" என்ற சோதனை நுழைந்தது. இன்று நாம் வடிகட்டி என்று சொல்வதெல்லாம் அதன் வாரிசுகள்.

அப்புறம் 2012-இல் சடோஷி டைஸ். சூதாட்டத் தளம். பந்தயம் கட்டுவதே ஒரு பரிவர்த்தனை, முடிவு சொல்வது இன்னொரு பரிவர்த்தனை. நீங்கள் தோற்றால் "தோற்றுவிட்டீர்கள்" என்று தெரிவிக்க ஒரே ஒரு சடோஷியை (பிட்காயினின் மிகச்சிறிய அலகு) திருப்பி அனுப்பும்! அந்த ஒரு சடோஷியைச் செலவழிக்க ஆகும் கட்டணம் அதைவிடப் பல மடங்கு. யாரும் தொடமாட்டார்கள். ஒவ்வொரு நோட்டும் அதை என்றைக்கும் தூக்கிச் சுமக்க வேண்டும். வலைப்பின்னலின் பரிவர்த்தனைகளில் பாதிக்கு மேல் அந்த ஒரு தளத்தினுடையது என்ற காலம் இருந்தது. 2013-இல் 0.8.2 பதிப்பு 5,430 சடோஷிக்குக் கீழான வெளியீடுகளை, அதாவது பரிவர்த்தனையில் ஒரு முகவரிக்குப் போகும் தொகைகளை, தூசு என்று ஒதுக்கியதற்கு அதுதான் பின்னணி.

2014-இல் 0.9 பதிப்பில் ஓபி_ரிட்டர்னுக்கு 40 பைட் இடம் கொடுத்தார்கள். பிறகு அது 80 ஆனது. கொடுக்கும்போதே, இது சங்கிலியில் தரவு சேமிக்க நாங்கள் தரும் ஆசீர்வாதம் இல்லை என்று வெளியீட்டுக் குறிப்பில் தெளிவாக எழுதினார்கள். ஆட்கள் போலி முகவரிகளுக்குள் தரவை ஒளித்துவைத்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு இது பரவாயில்லை என்றுதான் கொடுத்தது.

ஒரு வேடிக்கையும் சொல்லிவிடுகிறேன். 2011-இல் எலிஜியஸ் என்ற மைனிங் பூல் (பிளாக் உருவாக்கும் மைனர்களின் கூட்டணி), தான் எடுத்த பிளாக்குகளில் கத்தோலிக்க ஜெபங்களை எழுதிவைத்தது. அந்தப் பூலை நடத்தியவர் இன்று வடிகட்டல் அணியின் தளபதியான அதே லூக்தான். முதல் பிளாக்கிலேயே சடோஷி நாளிதழ்த் தலைப்பு ஒன்றை எழுதிவைத்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சுத்தமான சங்கிலி என்று ஒன்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

#3 வடிகட்டி

சித்தப்பா, வரலாறு சரி. ஆனால் நீங்கள் சொன்ன வரலாறே என் பக்கம்தான் பேசுகிறது. தூசு எல்லை வந்தது, ஒரு சடோஷி வெளியீடுகள் ஓய்ந்தன. ஓபி_ரிட்டர்ன் எல்லை இருந்தது, இத்தனை வருடமும் பெரும்பாலான ஓபி_ரிட்டர்ன்கள் அதற்குள்தான் அடங்கின. வடிகட்டி வேலை செய்யாது என்று யார் சொன்னது?

உடைந்தது எப்போது? ஜனவரி 2023-இல் கேசி ரோடர்மோர், சங்கிலியில் படம் எழுதும் ஆர்டினல்ஸ் முறையைக் கொண்டுவந்தார். தரவை ஓபி_ரிட்டர்னில் வைக்காமல் டேப்ரூட் என்ற புதுவகைப் பரிவர்த்தனையில் கையொப்பம் வைக்கும் சாட்சிப் பகுதிக்குள் ஒளித்தார்கள். அந்தப் பகுதியை நம் எல்லை எண்ணுவதே இல்லை. அடுத்த மாதமே கிட்டத்தட்ட 4 எம்பி அளவுள்ள ஒரே பரிவர்த்தனை ஒரு பிளாக்கையே விழுங்கியது. உள்ளே இருந்தது மந்திரவாதிப் படம். ஓட்டையை அடைக்க லூக் ஒரு திருத்தம் கொடுத்தார், பாதுகாப்புக் குறைபாடு என்று சிவிஇ எண்ணும் பதிவானது. "சர்ச்சைக்குரியது" என்று சொல்லி ஜனவரி 2024-இல் கோர் அதை மூடிவிட்டது. ஒன்றரை வருடம் கழித்து, "எல்லையால் பயன் இல்லை, தூக்கிவிடலாம்" என்கிறார்கள். பூட்டைச் சரிசெய்ய விடாமல் தடுத்துவிட்டு, பூட்டு வேலை செய்யவில்லை என்பது என்ன நியாயம்?

மின்னஞ்சலில் எந்த வடிகட்டியும் நூற்றுக்கு நூறு பிடிப்பதில்லை. அதற்காக யாராவது அதை அணைத்துவைக்கிறோமா? என் கணினி, என் ரேம், என் இணையம். எதை அனுப்புவது என்று நான்தான் முடிவு செய்வேன்.

#4 மெம்பூல்_முனியாண்டி

நோட்டுக்காரர் கணக்குக் கேட்டார், கணக்கே தருகிறேன்.

உங்கள் நோட் வெளியே 8 நோட்களோடு பரிவர்த்தனை பரிமாறும் இணைப்பு வைத்திருக்கும் (பிளாக்குக்கு மட்டுமான 2 தனி). வலைப்பின்னலில் 80 சதவிகிதம் நாட்ஸ் மாதிரி வடிகட்டுகிறது, 20 சதவிகிதம் வடிகட்டவில்லை என்று வைத்துக்கொள்வோம். வடிகட்டாத ஒரு நோட்டின் 8 இணைப்புகளும் வடிகட்டும் நோட்களிலேயே போய் விழ வாய்ப்பு எவ்வளவு? 0.8-ஐ எட்டு முறை பெருக்குங்கள். சுமார் 17 சதவிகிதம். அதாவது 83 சதவிகித நேரம் வழி இருக்கிறது.

சரி, 90 சதவிகிதம் வடிகட்டட்டும். இப்போதும் 57 சதவிகித நேரம் வழி உண்டு. வெளியே போகும் இணைப்பு மட்டும் இல்லை, உள்ளே வருவதும் அதே அளவு இருக்கும். இரண்டையும் சேர்த்தால் வடிகட்டாத நோட் ஒவ்வொன்றுக்கும் சராசரியாக ஒன்றரைக் கூட்டாளி. அதுவே போதும், அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பேர் ஒரே கூட்டமாக ஒட்டிக்கொள்வார்கள். வடிகட்டும் பங்கு 93, 94 சதவிகிதத்தைத் தாண்டினால்தான் கூட்டம் சிதற ஆரம்பிக்கும். உள்வரும் இணைப்பை ஏற்கும் நோட்களை வைத்துப் போட்ட தோராயக் கணக்கு இது. பீட்டர் டாட் வெளியிட்ட லிப்ரே ரிலே மாதிரி, தன் இனத்தைத் தேடித் தேடி இணையும் மென்பொருள் இருந்தால் இந்தக் கணக்கும் தேவையில்லை.

தாளில் போட்ட கணக்கு என்பீர்கள். 2025 கோடையில் கண்ணெதிரே நடந்ததைப் பாருங்கள். ஒரு விபைட்டுக்கு (கட்டணம் கணக்கிடும் அளவு அலகு) 1 சடோஷிக்குக் குறைவான கட்டணத்தை ஏறக்குறைய எல்லா நோட்டும் வடிகட்டிக்கொண்டிருந்தன. இயல்பு அமைப்பே அதுதான். சில மைனர்கள் கீழே இறங்கினார்கள், விரல்விட்டு எண்ணக்கூடிய நோட்காரர்கள் எல்லையைக் குறைத்தார்கள். கொஞ்ச காலத்தில் பிளாக்குகளில் மலிவுப் பரிவர்த்தனை குவிந்துவிட்டது. கடைசியில் கோர் 29.1 எல்லையை 0.1-க்கு இறக்கி வழிக்கு வந்தது.

மின்னஞ்சல் உவமைக்கு வருகிறேன். நீங்கள் வடிகட்டிய மின்னஞ்சல் உங்கள் பெட்டிக்கு வராது. நீங்கள் வடிகட்டிய பரிவர்த்தனை பத்து நிமிடம் கழித்து பிளாக்குக்குள் உட்கார்ந்து வரும், நீங்கள் அதைச் சேமித்தே ஆகவேண்டும். உங்கள் ரேம் தப்பித்தது, டிஸ்க் தப்பிக்கவில்லை.

#5 தங்கமே_தங்கம்

இதற்குத்தான் நான் எட்டு கிராம் காசாக வாங்கிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். யாரும் அதில் குரங்குப் படம் வரைய முடியாது.

#6 மட்டுறுத்துநர்

தங்கத்துக்குத் தனி இழை இருக்கிறது. தொடருங்கள்.

#7 புதியவள்

அண்ணன்மார்களே, அடிப்படைக் கேள்வி. சாட்சிப் பகுதிக்குள் படம் ஒளிந்திருக்கிறது என்கிறீர்கள். அங்கே கையொப்பம்தானே இருக்கவேண்டும்? படம் எப்படி நுழைகிறது? பிட்காயின் அதைச் சரிபார்க்காதா?

#8 மெம்பூல்_முனியாண்டி

நல்ல கேள்வி. ஆர்டினல்ஸ் முறையில் எழுதிய தரவை இன்ஸ்க்ரிப்ஷன் என்பார்கள், ஒன்றைப் பிரித்துப் பார்ப்போம்.

டேப்ரூட்டில் ஒரு சிறு நிரலை வைத்துப் பணத்தைப் பூட்டலாம். எடுக்கும்போது அந்த நிரலை வெளியே காட்டவேண்டும். அந்த நிரலுக்குள் இப்படி எழுதுகிறார்கள்: முதலில் "பொய்" என்று ஒரு மதிப்பு. அடுத்து "முந்தையது உண்மையானால் இதைச் செய்" என்ற கட்டளை. முந்தையதுதான் பொய்யாயிற்றே, ஆகவே உள்ளே இருக்கும் எதையும் கணினி ஓட்டாது, தாண்டிப் போய்விடும். அந்த ஓடாத பகுதிக்குள் "ஓஆர்டி" என்ற மூன்றெழுத்து அடையாளம், பிறகு இது பிஎன்ஜி படமா வெற்று எழுத்தா என்ற குறிப்பு, பிறகு படத்தின் பைட்டுகள். ஒரு துண்டு 520 பைட்டைத் தாண்டக்கூடாது என்பதால் படத்தை நறுக்கி நறுக்கி வரிசையாக அடுக்குவார்கள். கடைசியில் "முடிந்தது" என்ற கட்டளை.

பிட்காயினின் பார்வையில் அது செல்லுபடியாகும் நிரல். நடுவில் எவ்வளவு கிடந்தாலும் கவலையில்லை. 2017-இல் வந்த செக்விட் என்ற விதி மாற்றம் சாட்சிப் பகுதிக்குக் கால்வாசி எடைதான் போடுகிறது. கையொப்பத்துக்கு என்று தந்த சலுகையைப் படம் அனுபவிக்கிறது.

இங்கேதான் பலர் கவனிக்காத ஒரு கணக்கு வருகிறது. ஓபி_ரிட்டர்னுக்கு அந்தச் சலுகை கிடையாது. 1,00,000 பைட் தரவை, விபைட்டுக்கு 1 சடோஷி வீதம், ஓபி_ரிட்டர்னில் எழுதினால் சுமார் 1,00,000 சடோஷி ஆகும். ஒரு பிட்காயின் ஒரு லட்சம் டாலர் என்றால் 100 டாலர். அதையே இன்ஸ்க்ரிப்ஷனாக எழுதினால் 25 டாலர் சொச்சம். சுமார் 143 பைட்டுக்கு மேல் போனால் இன்ஸ்க்ரிப்ஷன்தான் மலிவு. எனவே கோர் 30 வந்ததும் படம் போடுகிறவர்கள் எல்லாரும் ஓபி_ரிட்டர்னுக்கு ஓடி வருவார்கள் என்ற பயத்துக்கு அடிப்படை இல்லை. நாலு மடங்கு காசு கொடுத்து யார் வருவார்?

#9 வடிகட்டி

அப்படியானால் யாருக்காகத் திறந்தார்கள்? யாரும் வரமாட்டார்கள் என்றால் திறப்பானேன்?

#10 மெம்பூல்_முனியாண்டி

பிட்காயினுக்கு மேல் கட்டிய சிட்ரியா என்ற இரண்டாம் அடுக்குத் திட்டத்துக்காக. பிட்காயினுக்கும் அதற்கும் நடுவே பணம் கடத்தும் அவர்களுடைய பாலத்தில் தகராறு வந்தால் மட்டும் 144 பைட் தரவைச் சங்கிலியில் போடவேண்டும். சாட்சிப் பகுதியில் போட்டால் அவர்கள் வடிவமைப்புக்குச் சரிவராது, ஓபி_ரிட்டர்னில் 83-க்கு மேல் போகாது. ஆகவே மீதியைப் போலி டேப்ரூட் முகவரிகளில் எழுதுவது என்று வடிவமைத்தார்கள். அந்த முகவரிகளுக்குச் சாவி கிடையாது, யாரும் என்றைக்கும் செலவழிக்கமாட்டார்கள். ஆனால் ஒரு நோட்டால் அதைப் போலி என்று கண்டுபிடிக்கவே முடியாது. யூடிஎக்ஸ்ஓ (இன்னும் செலவழிக்காத வெளியீடுகள்) பட்டியலில் நிரந்தரமாகக் குடியிருக்கும்.

ஓபி_ரிட்டர்ன் அப்படி இல்லை. செலவழிக்க முடியாதது என்று முகத்திலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. பட்டியலில் ஏறவே ஏறாது. ஏப்ரல் 2025-இல் டெவலப்பர் அஞ்சல் பட்டியலில் இந்தப் பேச்சு கிளம்பியதற்குக் காரணம் இதுதான்: எப்படியும் எழுதப்போகிறார்கள், குறைந்த சேதம் உள்ள இடத்தில் எழுதட்டும்.

#11 சடோஷி_சித்தப்பா

முனியாண்டி சொன்ன யூடிஎக்ஸ்ஓ விஷயத்தில் கொஞ்சம் நின்று பேசவேண்டும். இந்த விவாதத்தில் உண்மையான காயம் அங்கேதான் இருக்கிறது. படம் படம் என்று எல்லாரும் கத்துகிறார்கள். படம் பிளாக்கில் கிடக்கும், இடம் இல்லையென்றால் ப்ரூன் செய்து பழைய பிளாக்குகளை அழித்துவிடலாம். யூடிஎக்ஸ்ஓ பட்டியலை அழிக்க முடியாது. ஒவ்வொரு பரிவர்த்தனையையும் சரிபார்க்க நோட் அதைத்தான் புரட்டுகிறது.

2023 தொடக்கத்தில் அந்தப் பட்டியலில் 8 கோடிச் சொச்சம் வெளியீடுகள். இரண்டு வருடத்தில் இரண்டு மடங்கைத் தாண்டியது. வந்தவற்றில் பெரும்பகுதி 330 சடோஷி, 546 சடோஷி என்று தூசு எல்லையை உரசிக்கொண்டு நிற்கும் பொடிகள். மார்ச் 2023-இல் வந்த பிஆர்சி-20 டோக்கன்களும் 2024-இல் வந்த ரூன்ஸ் டோக்கன்களும் விட்டுப்போன எச்சங்கள். ஸ்டாம்ப்ஸ் என்று இன்னொரு கூட்டம் வேண்டுமென்றே போலிச் சாவிகளில் படத்தை எழுதுகிறது. அழிக்க முடியாது என்பதையே பெருமையாகச் சொல்லி விற்கிறார்கள்!

2013 தூசு எல்லை நல்ல முடிவு என்று வடிகட்டி சொன்னார். நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது ஏன் நின்றது? சடோஷி டைஸ்காரருக்கு ஒரு சடோஷிக்குப் பதில் 5,430 சடோஷி அனுப்புவதில் பெரிய நஷ்டமில்லை, சண்டை போட்டு மைனரைத் தேடிப்போகும் அளவுக்கு ஆதாயமும் இல்லை. ஆதாயம் இல்லாத குப்பையை வடிகட்டி நிறுத்தும். ஒருவன் பணம் கட்டத் தயார், ஒரு மைனர் வாங்கத் தயார் என்றால் நடுவில் இருக்கும் நாம் வேடிக்கைதான் பார்க்கலாம்.

#12 சுரங்கக்காரன்

மைனர் பக்கத்திலிருந்து இரண்டு வார்த்தை. எனக்கு வெளிநாட்டில் ஒரு கூடத்தில் சில இயந்திரங்கள் ஓடுகின்றன. மின்கட்டணம் டாலரில். நான் யார் படம் போடுகிறார் என்று பார்ப்பதில்லை, பார்க்கவும் முடியாது, பூல் தரும் வேலையைச் செய்கிறேன்.

மே 2023-இல் பிஆர்சி-20 வெறி பிடித்தபோது பிளாக் 788695-இல் கட்டணம் மட்டும் அப்போதைய 6.25 பிட்காயின் வெகுமதியைத் தாண்டியது. பைனான்ஸ் என்ற சந்தை பிட்காயின் வெளியே எடுப்பதையே கொஞ்ச நேரம் நிறுத்திவைத்தது. ஏப்ரல் 2024-இல் வெகுமதி பாதியாகும் ஹாவிங் பிளாக் 8,40,000, அதே நொடியில் ரூன்ஸ் தொடக்கம். அந்த ஒரு பிளாக்கில் கட்டணம் 37 பிட்காயினுக்கு மேல்! வெகுமதி 3.125. இப்படி ஒரு நாளைப் பார்த்த பூலிடம் போய் "இது குப்பை, எடுக்காதே" என்றால் எந்தக் காதில் விழும்?

அதற்காகக் குப்பைதான் எங்களைக் காப்பாற்றுகிறது என்றும் சொல்லமாட்டேன். 2025-இல் பெரும்பாலான நாட்கள் கட்டணம் மொத்த வரும்படியில் ஒரு சதவிகிதம் சொச்சம்தான். வெறி வரும், போகும். அதை நம்பி யாரும் இயந்திரம் வாங்குவதில்லை.

நோட்காரர்கள் யோசிக்கவேண்டியது வேறு ஒன்று. மாரா நிறுவனம் பிப்ரவரி 2024-இல் ஸ்லிப்ஸ்ட்ரீம் என்ற சேவையைத் திறந்தது. வழக்கத்துக்கு மாறான பரிவர்த்தனையை நேரே அவர்களிடமே கொடுக்கலாம். நோட் வலைப்பின்னல் எவ்வளவு கெடுபிடி காட்டுகிறதோ அவ்வளவு வியாபாரம் இந்தத் தனி வாசலுக்குப் போகும். அந்த வாசல் பெரிய பூலுக்குத்தான் கட்டுப்படியாகும். சின்னப் பூல் பொது மெம்பூலை நம்பித்தான் பிழைக்கிறது. நீங்கள் குப்பையைத் தடுப்பதாக நினைத்துக்கொண்டு சின்னவன் தட்டில் இருப்பதை எடுத்துப் பெரியவன் தட்டில் போடுகிறீர்கள்.

இன்னொன்று. புது பிளாக் வரும்போது முழுசாக வருவதில்லை, பரிவர்த்தனைகளின் சுருக்க அடையாளங்கள்தான் வரும். உங்கள் மெம்பூலில் ஏற்கெனவே இருப்பதை வைத்து நோட் பிளாக்கைக் கட்டிக்கொள்ளும். நீங்கள் வடிகட்டியது பிளாக்கில் இருந்தால் "அதைக் கொடு" என்று திரும்பக் கேட்கவேண்டும். அந்தத் தாமதம் உங்களுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் பிளாக் மெதுவாகப் பரவினால் வீணாகும் பிளாக் அதிகம் சின்னவனுடையதாகத்தான் இருக்கும்.

#13 வடிகட்டி

சுரங்கக்காரர் பெரிய பூலைச் சொன்னார். ஓஷன் என்ற பூல் டேட்டம் முறையில் மைனரே தன் பிளாக்கில் என்ன இருக்கவேண்டும் என்று முடிவு செய்ய விடுகிறதே, அதைச் சொல்லவில்லை. தீர்வு அங்கே இருக்கிறது. பூல்களின் பிடியைத் தளர்த்துங்கள், வடிகட்டி தானாக வேலை செய்யும்.

கணக்கில் மறைந்துபோகும் ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 1,00,000 பைட் தொடர்ச்சியாக, நறுக்காமல், ஒரே இடத்தில் கிடக்கும். யாராவது சிறுவர் தொடர்பான ஆபாசப் படத்தை அங்கே போட்டால்? அது ஒவ்வொருவர் வீட்டு டிஸ்கிலும் கோப்பாக உட்காரும். சட்டம் நோட்காரனைக் கேள்வி கேட்காது என்று யாராவது எழுதிக்கொடுப்பார்களா?

#14 தனிமை_விரும்பி

அந்தப் பயம் புதியதும் இல்லை, ஓபி_ரிட்டர்னுக்கு மட்டும் உரியதும் இல்லை. 2018-இலேயே ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சங்கிலியைக் குடைந்து சுமார் 1,600 கோப்புகளை எடுத்தார்கள். சிலது ஆட்சேபகரமானவை. அன்று எல்லை 83 பைட்தான். அக்டோபர் 2024-இல் வந்த கோர் 28 முதல், புதிதாக இறக்கும் பிளாக் கோப்புகளை டிஸ்கில் குழப்பித்தான் எழுதுகிறது, நேராகத் திறந்தால் எதுவும் தெரியாது. சட்டம் என்ன சொல்லும் என்பது வக்கீலிடம் கேட்கவேண்டிய கேள்வி. ஆனால் 83-க்குள் வைத்திருந்தால் பாதுகாப்பு, தாண்டினால் ஆபத்து என்று கோடு போட முடியாது.

நான் சொல்ல வந்தது வேறு. டிசம்பர் 2023-இல் ஓஷன் பூல் நாட்ஸின் இயல்பு எல்லையோடு ஓடியது. 42 பைட். சமுராய் வாலட்டின் வேர்ல்பூல் பரிவர்த்தனையில் 46 பைட் ஓபி_ரிட்டர்ன் இருந்தது. ஆகவே தனியுரிமைக்காகக் காசைக் கலக்குகிறவர்களுடைய பரிவர்த்தனை அந்தப் பூலின் பிளாக்கில் ஏறவில்லை. வேண்டுமென்று செய்தார்களா இல்லையா என்ற சண்டை வேறு. நான் கேட்பது, நாலு பைட் வித்தியாசத்தில் குரங்குப் படத்தோடு ஒரு மனிதனின் அந்தரங்கமும் அடிபட்டுப் போனதே, அந்த வடிகட்டி எதைக் குப்பை என்று முடிவு செய்தது? குரங்குப் படக்காரன் கூடுதல் காசு கொடுத்து வேறு வழி பார்த்துக்கொண்டான்.

#15 வடிகட்டி

46 பைட்டுக்கு எல்லையைக் கொஞ்சம் ஏற்றினால் முடிந்துபோகிற விஷயம். 1,00,000 ஆக்கினால்தான் தனியுரிமை பிழைக்குமா? மென்பொருளில் தவறான எண் இருந்தது என்பதற்காக எண்ணே கூடாது என்பீர்களா?

கோர் டெவலப்பர்கள் நடந்துகொண்ட விதத்தைப் பற்றி ஏன் யாரும் வாய் திறக்கவில்லை? எல்லையைத் தூக்கச் சொன்ன பீட்டர் டாட்டின் முதல் திருத்தத்துக்கு எதிர்ப்பு குவிந்தது. கிட்ஹபில் சிலரைக் கருத்துச் சொல்லவிடாமல் தடுத்தார்கள். அது மூடப்பட்டு, இன்னொரு பெயரில் ஏறக்குறைய அதே மாற்றம் ஜூன் 2025-இல் உள்ளே போனது. கோர் தரப்பில் 31 பேர் கையெழுத்திட்டு ஓர் அறிக்கை. பயனர் எல்லையைக் குறைத்துக்கொள்ளும் அமைப்பையே எதிர்காலத்தில் நீக்குவோம் என்று குறித்தார்கள், கூச்சல் வந்த பிறகு அந்தக் குறிப்பை எடுத்தார்கள். பொதுவில் தெரியும் நோட்களில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் நாட்ஸுக்கு மாறியது சும்மா இல்லை. 2025 தொடக்கத்தில் நாட்ஸ் என்றால் யாருக்கும் தெரியாது.

#16 தலைகீழ்_ஹாஷ்

லூக் பேச்சைக் கேட்டு ஆடும் கூட்டத்துக்குக் கணக்கு எங்கே புரியப்போகிறது...

#17 மட்டுறுத்துநர்

முந்தைய பதிவின் மீதியை நீக்கியிருக்கிறேன். கருத்தோடு மோதுங்கள், ஆளோடு வேண்டாம்.

#18 சடோஷி_சித்தப்பா

வடிகட்டி கடைசியாகச் சொன்னதில் நியாயம் இருக்கிறது, அதை முனியாண்டி கூட்டத்தார் ஒப்புக்கொள்ளாததுதான் இந்தச் சண்டையை இவ்வளவு தூரம் இழுத்தது. தொழில்நுட்பமாகப் பார்த்தால் கோர் முடிவு சரி என்பதே என் எண்ணம். 83 பைட் எல்லை யாரையும் நிறுத்தவில்லை, மோசமான இடத்துக்குத் தள்ளியது. ஆனால் இயல்பு அமைப்பு என்பது வெறும் எண் இல்லை. நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அதைத் தொடவே மாட்டார்கள். அதை மாற்றும்போது "உங்களுக்குப் புரியாது, விடுங்கள்" என்ற தொனி வந்தால், ஆள் வெளியேறத்தான் செய்வான். அவன் நாட்ஸுக்குப் போவது 83 பைட்டுக்காக இல்லை, தன் பேச்சு எடுபடவில்லை என்ற கோபத்துக்காக.

அதே நேரம் வடிகட்டல் அணி அடுத்துப் போய் நிற்கும் இடம் எனக்குப் பயமாக இருக்கிறது. நோட் வடிகட்டி போதாது என்று அவர்களுக்கும் தெரியும். அதனால்தான் அக்டோபர் 2025-இல் விதியையே மாற்றும் சாஃப்ட் ஃபோர்க் யோசனை வந்தது. முதலில் 444 என்று எல்லாரும் கூப்பிட்டார்கள், பிறகு 110 என்ற முன்மொழிவு எண் கிடைத்தது. சுமார் ஒரு வருடத்துக்கு மட்டும் ஓபி_ரிட்டர்ன் 83 பைட், மற்ற வெளியீட்டு நிரல் 34 பைட், ஒரு துண்டுத் தரவு 256 பைட், டேப்ரூட் நிரலில் "உண்மையானால் இதைச் செய்" கட்டளைக்கே தடை. மைனர்களில் 55 சதவிகிதம் போதும் என்று எல்லை வைத்திருக்கிறார்கள். டேப்ரூட்டுக்கு 90 சதவிகிதம் கேட்டோம்!

நோட் வடிகட்டி உன் வீட்டு விஷயம், தவறு என்றால் அடுத்த நாள் மாற்றிக்கொள்ளலாம். விதி அப்படி இல்லை. ஒத்துக்கொள்ளாதவன் பிளாக் செல்லாது. சங்கிலி இரண்டாகப் பிரியும் வாய்ப்பு உண்டு. முன்பே உருவான வெளியீடுகளுக்கு விலக்கு இருக்கிறது, சரி. ஆனால் கையொப்பம் போட்டு வைத்துவிட்டு இன்னும் ஒளிபரப்பாத பரிவர்த்தனை வைத்திருப்பவன் கதி? வயதான காலத்துக்கென்று "உண்மையானால் இதைச் செய்" கட்டளை வைத்துப் பூட்டிவைத்தவன் இனி அந்த நிரலுக்குப் புதிதாகப் பணம் போட்டால்? பட ஆட்கள் மட்டும் சும்மா இருப்பார்களா? படத்தை 256 பைட் துண்டுகளாக நறுக்கிக்கொள்வார்கள். இன்று 520 ஆக நறுக்குகிறார்கள், நாளை 256. கத்தி ஒன்றுதான்.

#19 புதியவள்

அப்படியானால் யூடிஎக்ஸ்ஓ குப்பைக்கு மருந்தே இல்லையா?

#20 மெம்பூல்_முனியாண்டி

முழு மருந்து இல்லை. கட்டணம் ஏறும்போது பொடிகளை உருவாக்குவது குறையும், கட்டணம் இறங்கும்போது கைவசம் சாவி இருப்பவர்கள் பொடிகளை ஒன்றுசேர்ப்பார்கள். சாவி இல்லாத ஸ்டாம்ப்ஸ் மாதிரிக் குப்பை அப்படியே கிடக்கும். யூட்ரீக்ஸ்ஓ மாதிரி, முழுப் பட்டியலையும் சுமக்காமலே சரிபார்க்கும் ஆராய்ச்சிகள் நடக்கின்றன. என்னைக் கேட்டால், 83 பைட்டுக்குச் செலவழித்த கோபத்தில் பாதியை அதற்குச் செலவழித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

#21 வடிகட்டி

குப்பை போடுகிறவனைக் கேட்காமல் கூடையைப் பெரிதாக்கச் சொல்கிறீர்கள். நான் நாட்ஸில்தான் இருப்பேன். 110 எனக்கும் சந்தேகம்தான், 55 சதவிகிதத்தை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் என் மெம்பூலில் எது இருக்கவேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

#22 நோட்டுக்காரர்

எல்லாருக்கும் நன்றி, முக்கியமாக 0.8 பெருக்கல் கணக்குக்கு. நானே தாளில் போட்டுப் பார்த்தேன், சரியாக வருகிறது.

கோர் 30-க்கு ஏறுகிறேன். டேட்டாகேரியர்சைஸ் என்ற ஓபி_ரிட்டர்ன் எல்லையை மாற்றாமல் விட்டுவிடலாம் என்று இருக்கிறேன். சுரங்கக்காரர் சொன்ன பிளாக் பரவல் விஷயம்தான் என்னைத் தள்ளியது. என் நோட் ஒன்றையும் தடுக்காது என்றால், பிளாக்கை வேகமாகக் கட்டவாவது உதவட்டும். வடிகட்டி அண்ணனுக்கு ஒரு கேள்வி: 30-இலேயே 83 என்று போட்டுக்கொண்டால் போதாதா, நாட்ஸ் எதற்கு?

#23 வடிகட்டி

போதும். அமைப்புக் கோப்பில் டேட்டாகேரியர்சைஸ்=83 என்று ஒரு வரி. ஒன்றுக்கு மேற்பட்ட ஓபி_ரிட்டர்ன் வந்தாலும் எல்லாவற்றையும் கூட்டித்தான் 83 பார்க்கும். ஆனால் இன்ஸ்க்ரிப்ஷனை அது பிடிக்காது, அதற்கு நாட்ஸ் வேண்டும். எதை மாற்றினாலும் முதலில் வாலட் கோப்பை வேறு டிஸ்கில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள், தம்பி.

#24 மட்டுறுத்துநர்

110 பற்றிய கேள்விகள் தனி மடலில் நிறைய வருகின்றன. அதற்கு வேறு இழை திறந்திருக்கிறேன், மைனர் ஆதரவு நிலவரத்தை அங்கே பதியுங்கள். இந்த இழை வடிகட்டிக் கேள்விகளுக்கு மட்டும் திறந்திருக்கும்.